ஐந்து அசை, மூன்றாவதில் அழுத்தம்

நம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருவர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். கடைசி வரியில் ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, "இது நல்லதா, கெட்டதா? யாராவது சொல்லுங்கப்பா" என்று ஒரு வரி. நம்மில் ஒருவருடைய மகள் டாக்டர். அவள் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டுவிட்டாள். நீங்களும் வரிசையாகக் கும்பிடு போட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். அறுபதை நெருங்குகிற வயதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் சிரிப்பீர்கள். சிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏனென்றால் அந்த வார்த்தையை நீங்களும் கை தட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது.

ஏழாம் வகுப்பில் இருந்தோம். ஐப்பசி மழை. ஆவடி முழுக்க ஈரம். குவார்ட்டர்ஸின் மஞ்சள் சுவர்களில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூசணம் ஏறியிருந்தது. காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் ரெயின்கோட் போட்ட சைக்கிள்கள் ஒரே கும்பலாகப் போகும். அவை போன பிறகு அந்தச் சாலை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஏனோ பயமாக இருக்கும். ஃபேக்டரிக்குள்ளே புது ராணுவ டாங்கி ஓட்டிப் பார்க்கிற நாட்களில் நம் வீட்டு அலமாரிகளில் டம்ளர்கள் கிணுகிணுக்குமே, அந்தச் சத்தத்தோடு அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு சத்தமும் சேர்ந்திருந்தது. அம்மாவின் இருமல்.

இரண்டு மாதமாக இருமினாள். கஷாயம், ஆவி, ஃபேக்டரி ஆஸ்பத்திரியின் சிவப்பு மருந்து எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அம்பத்தூர் போய் எடுத்தார்கள். மறுநாள் அப்பா வேலை முடிந்து சைக்கிளில் போய், ஒரு பெரிய பழுப்பு நிறக் கவரைச் சட்டைக்குள் செருகி நனையாமல் கொண்டுவந்தார். டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமைதான் வருவாராம். பதின்மூன்று நாள். அப்பா கவருக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். டைப் அடித்த நாலு வரி.

"டாக்டருக்குத்தான் புரியும்" என்று உள்ளே வைத்து, கவரை இரும்பு பீரோவின் மேல் போட்டார். "யாரும் தொடக் கூடாது."

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்றால் நான். ரேஷன் கடை நோட்டீஸ், குவார்ட்டர்ஸ் எஸ்டேட் ஆபீஸ் கடிதம், மருந்து பாட்டில் எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். வாசிக்கும்போது அப்பா முகத்தில் வருகிற ஒரு பெருமை எனக்குப் பிடிக்கும். அன்று அவர் என்னை வாசிக்கச் சொல்லாதது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக் கூட இருந்தது. மறுநாள், சனிக்கிழமை மதியம், அம்மா மண்ணெண்ணெய் வாங்க வரிசைக்குப் போனபோது நாற்காலி போட்டு ஏறினேன்.

எக்ஸ்ரே படம் தகரம் மாதிரி சத்தம் போட்டது. அதை வெளியே எடுக்கவில்லை. தாளை மட்டும் கிளிப்பிலிருந்து உருவினேன். அம்மா பெயர், வயது. பிறகு எனக்குத் தெரியாத சில எலும்புப் பெயர்கள். கடைசி வரியில் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகள்: ஹார்ட், லங்ஸ். அவற்றுக்குப் பிறகு ஒரே ஒரு நீளமான வார்த்தை. அன்ரிமார்க்கபிள்.

இங்கிலீஷ் மிஸ் நமக்குச் சொல்லிக்கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். "பெரிய வார்த்தையப் பாத்துப் பயப்படாதீங்க. உடைச்சுப் போடுங்க." புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை கையை இடிக்கிறதோ அத்தனை சிலபிள். எந்த இடத்தில் குரல் ஏறுகிறதோ அங்கே டெஸ்கில் ஒரு குத்து. முன்னால் ஒட்டியிருப்பதைக் கழற்று, பின்னால் ஒட்டியிருப்பதைக் கழற்று, நடுவில் மிச்சமிருப்பதுதான் உயிர். தமிழ் ஐயாவும் நமக்கு அசை பிரிக்கச் சொல்லித்தந்தார், நேர், நிரை என்று. ஆனால் தமிழில் எங்கேயும் குத்த வேண்டியதில்லை. அந்தக் குத்துக்காகவே எனக்கு இங்கிலீஷ் பிடித்திருந்தது.

நாற்காலியின் மேல் நின்றபடி தாடைக்குக் கீழே கையை வைத்தேன். அன், ரி, மார்க், அ, பிள். ஐந்து. அன் என்றால் இல்லை. ஏபிள் என்றால் முடியும். உடைக்க முடியாதது அன்பிரேக்கபிள், தாங்க முடியாதது அன்பேரபிள். இரண்டையும் மிஸ் போர்டில் எழுதிக்காட்டியிருக்கிறார். அவற்றைக் கழற்றினால் நடுவில் ரிமார்க். அது எனக்கு நன்றாகவே தெரிந்த வார்த்தை. ப்ராக்ரஸ் கார்டின் கடைசிக் கட்டம். குட், ஃபேர், புவர் என்று மிஸ் எழுதுகிற இடம்.

ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நினைவிருக்கிறதா? மஞ்சள் காமாலையில் இறந்துபோனவள். அவள் இறந்த வாரம் அட்டெண்டன்ஸ் நோட்டை ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோனது நான். அவள் பெயருக்கு நேரே எல்லாக் கட்டங்களிலும் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ரிமார்க்ஸ் கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்ன எழுதுவார்கள்?

எழுத முடியாதது. சொல்ல முடியாதது. அம்மாவின் இதயமும் நுரையீரலும் சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன.

தாளை மடித்துக் கிளிப்பில் செருகினேன். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். அம்மா மண்ணெண்ணெய் டின்னோடு வந்தபோது வாசலுக்கு ஓடிப்போய் டின்னை வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் அப்படிச் செய்ததே இல்லை.

அன்றிலிருந்து நான் நல்ல பிள்ளையானேன். தண்ணீர் பிடித்தேன், பாத்திரம் தேய்த்தேன், பள்ளிக்கூடம் விட்டதும் எங்கேயும் நிற்காமல் ஓடிவந்தேன். நீங்கள் கிரவுண்டில் பாண்டி ஆடக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றேன். அம்மா எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போனேன். இருமினால் எண்ணினேன். ஒரு மதியம் அவள் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பாரிவாக்கத்திலிருந்து வருகிற பால்காரம்மாவுக்கு நம் எல்லோர் வீட்டு விவகாரமும் தெரியும். திங்கட்கிழமை காலை வாசலில் பால் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, காத்தாலயே மூஞ்சி தொங்கிப் போய்க் கீது? இஸ்கூல்ல யாருனா அட்ச்சாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இவளுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல" என்றாள் அம்மா. "ரெண்டு நாளா என் முந்தானையை விட மாட்டேங்கறா."

பால்காரம்மா அளவுச் செம்பைப் பாத்திரத்தில் தட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அப்டி உட்றாதமே. எங்க ஊட்ல என் மாமியா போறதுக்கு மின்ன, என் சின்னது இப்டித்தான் கெய்விய சுத்திகினே இர்ந்துச்சு. கொயந்தைங்களுக்கு மின்னாடியே தெர்ஞ்சிடும். சீக்கிரமா டாக்டரப் பாரு."

அம்மா பால் பாத்திரத்தை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மழைத்துளிகள் பாலில் விழுந்தன.

மிஸ்ஸிடம் கேட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பெரிய டிக்‌ஷனரி பூட்டிய பீரோவில் இருந்தது. சாவி ஹெட்மாஸ்டரிடம். மிஸ்ஸிடம் அர்த்தம் கேட்டால், எங்கே படித்தாய் என்பார். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அந்த வார்த்தையை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, செவ்வாய்க்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் மேஜைக்குப் போனேன்.

"மிஸ், இதுல அழுத்தம் எங்க வரும் மிஸ்?"

மிஸ் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்ததைத் தாண்டி ஒரு பிள்ளை தானாக ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது! என்னைத் தோளைப் பிடித்து வகுப்பின் பக்கம் திருப்பி நிறுத்தினார். போர்டில் பெரிதாக எழுதினார். நடுநடுவே சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"எல்லாரும் பாருங்க. இவ எவ்வளவு பெரிய வார்த்தை கொண்டாந்திருக்கா! கை தட்டுங்க. அன்!"

தட்டினீர்கள். நாற்பது பேர். அன், ரி, மார்க், அ, பிள். மூன்றாவதில் எல்லோரும் டெஸ்கைக் குத்தினீர்கள். மைக்கூடுகளும் டிபன் பாக்ஸ்களும் குதித்தன. மறுபடி. மறுபடி. பின் பெஞ்சுப் பையன்கள் இரண்டு கையாலும் குத்தினார்கள். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாவாடையைக் கசக்கினேன். 

"அன்னா?"

"இல்ல மிஸ்!"

"ஏபிள்னா?"

"முடியும் மிஸ்!"

"ரிமார்க்னா சொல்றது. அப்போ மொத்தமா?"

"சொல்ல முடியாதது மிஸ்!" என்று நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள்.

"வெரி குட்" என்றார் மிஸ். பெல் அடித்தது. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

மிஸ் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவருக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்காது. தெரியாது என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்வதை விட உடைத்துப் போடுவது சுலபம். அவருடைய சூத்திரம் மற்ற எல்லா வார்த்தைகளுக்கும் பொருந்தியது. இது ஒன்றுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்?

அம்மாவுக்குத் தையல் நன்றாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேரின் யூனிஃபார்மை அவள்தான் தைத்தாள். ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற ஃபேக்டரியில் வேலை கிடைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து நான்கு வருஷம் காத்திருந்தாள். அந்த வாரக் கடைசியில் தபால்காரர் ஒரு நீளமான கவர் கொண்டுவந்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை என்னிடம் நீட்டினாள்.

வாசித்தேன். தையல் டெஸ்ட். வருகிற செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு.

"என்னடி போட்டிருக்கு?"

சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். உடனே எனக்கு ஒரு பெரிய கூடம் கண்முன் வந்தது. நூறு மிஷின்கள், நடுவில் அம்மா, மிஷின் மேல் தலை சாய்ந்து. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை.

"போகாதம்மா."

"ஏண்டி?"

"போகாத. நீ போக வேண்டாம்."

அம்மா என்னையே பார்த்தாள். ஏன் என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இருந்தபடியே மடித்து, அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா சத்தம் போட்டார். "நாலு வருஷமா புலம்பின. இப்ப கூப்பிட்டா போக மாட்டேங்கற. பயந்துட்டியா?"

"பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போக முடியாது."

"அவ என்ன கைக்குழந்தையா? ஏழாவது படிக்கறா." என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னாலதான். அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டு! வெக்கமா இல்ல?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீரோவின் மேல் பழுப்புக் கவரின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் அப்பா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழுவதை விட என்னைத் திட்டுவது மேல்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அம்மா வீட்டிலேயே மிஷின் மிதித்தாள். பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைத் துணியையும், தன் கல்யாணத்துக்கு வந்த ஒரு புடவையையும் வெட்டிப் பாவாடைகள் தைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டிலில் மூன்று பாவாடைகள் கிடந்தன. ஒன்றை என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. இரண்டாவது தரையில் புரண்டது.

"பெரிசா இருக்கும்மா."

"அடுத்த வருஷத்துக்கு."

"இது இன்னும் பெரிசா இருக்கு."

"அது அதுக்கு அடுத்த வருஷத்துக்கு. நீ வளருவல்ல?"

மூன்றையும் மடித்து, நடுவில் ரசகற்பூர உருண்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பாவம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் அடுத்த வருஷத்தைப் பற்றியெல்லாம் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் அவள் எனக்கு நானே இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்ளப் பழக்கினாள். அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, மூன்று பேருக்கு எத்தனை ஆழாக்கு அரிசி என்று காட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார்.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். அப்பா அடிக்கக் கை ஓங்கினார். அம்மா, "வரட்டும், விடுங்க" என்றாள். மூன்று பேரும் ஒரே குடையில் ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நனைந்த ரெயின்கோட் வாடையும் டெட்டால் வாடையும் கலந்த அந்த நீளமான வராந்தா. முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவராக உள்ளே போகப் போக, நாங்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தோம். அம்மாவின் கை சில்லென்று இருந்தது. என் கையும்தான்.

டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். தாளை எடுத்தார். படித்தார். மேஜையில் போட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு."

அப்பா மூச்சு விட்டார். அம்மா அசையவில்லை.

"வீட்ல சுவர் ஈரமா இருக்கா?"

"ஆமாங்க" என்றார் அப்பா. "பூசணம் புடிச்சிருக்கு."

"படுக்கையச் சுவர விட்டுத் தள்ளிப் போடுங்க. ஒரு மாத்திரை தரேன், பத்து நாள்ல நின்னுடும்."

"டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அதுல அன்ரிமார்க்கபிள்னு போட்டிருக்கே?"

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அட, படிச்சிட்டியா? அப்படின்னா குறிப்பிட்டுச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். சாதாரணமா இருக்கு. நார்மல்."

"சொல்ல முடியாததுன்னு இல்லையா?"

"அப்படி யாரு சொன்னாங்க?" என்று சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: நாற்காலி, கிளிப், போர்டு, நீங்கள் தட்டிய கைதட்டல் எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெதுவாக மாறியது.

"அப்போ செவ்வாய்க்கிழமை டெஸ்ட்…" என்று அம்மாவைப் பார்த்து ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அம்மா என் தலையில் கை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். "நீ படிச்சிட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "கிளிப்பைத் தலைகீழாச் செருகியிருந்த."

 மறுநாள் அவள் அரிசி டப்பாவுக்குக் கீழே இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு உடுப்பு ஃபேக்டரி வாசலுக்குப் போனாள். டெஸ்ட் முடிந்துவிட்டது, அடுத்த தடவை கூப்பிடுவார்கள் என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டான். அடுத்த தடவைக்குள் அவளுக்கு வயது தாண்டிவிட்டது. நம் யூனிஃபார்ம்களையே தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பாவாடைகளையும் ஒவ்வொரு வருஷமாக நான் போட்டுக் கிழித்தேன். கடைசிப் பாவாடை கடைசி வரை எனக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அவள் நினைத்த அளவுக்கு நான் வளரவில்லை.

இருமல், டாக்டர் சொன்னபடி, பத்து நாளில் நின்றது. மிஸ்ஸிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் அவர் புதுப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையைப் போர்டில் எழுதிக் கை தட்டவைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

அம்மா கடைசிப் பத்து வருஷம் காட்டுப்பாக்கத்தில் என் ஃப்ளாட்டில்தான் இருந்தாள். அவள் போகிறதற்கு முந்தின வருஷம், ஒரு மதியம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அதுவரை நான் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன்.

"நான் அந்தத் தாளைப் படிச்சிட்டேன்னு உனக்குத் தெரியும். நான் எதையோ மறைக்கறேன்னும் தெரியும். அப்புறம் ஏம்மா என்கிட்ட கேக்கல? என்னடி போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாம வேற யார்கிட்டயாவது காட்டி விசாரிச்சிருக்கலாம். நீ டெஸ்டுக்குப் போயிருப்ப."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டா நீ சொல்லணுமேடி" என்றாள்.

"சொல்லியிருப்பேன்."

"பன்னெண்டு வயசு உனக்கு. பெத்தவ சாகப்போறான்னு உன் வாயால சொல்ல வெக்கணுமா நான்?" ஒரு காம்பை உருவித் தட்டில் போட்டாள். "வேலை போனா போச்சு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை.